நான் பயிற்சியில் இருந்தேன்

சேலத்தில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா முதல் நாள் காலையில் பாடம் எதுவும் எடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, அவரவர் ஆஸ்பத்திரியின் பிரசவ அறையை வரையச் சொன்னார். கட்டில் எங்கே, பிறந்த குழந்தையைச் சூட்டில் கிடத்தும் வார்மர் எங்கே, கை கழுவும் குழாய் எங்கே, ஆம்பு பேக் எங்கே என்று எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். பச்சைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ்களுக்கான நான்கு நாள் பயிற்சி அது. ஆம்பு பேக் என்பது, பிறந்ததும் மூச்சு விடாத குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் சாமான். மாங்காய் அளவுக்கு ஒரு பை, அதன் முனையில் குழந்தையின் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் சின்ன மாஸ்க். பையை அமுக்கினால் காற்று உள்ளே போகும்.

நான் நன்றாக வரைவேன். கட்டில், குழாய், ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே நிற்கும் சில்வர் ஓக் மரம், அதில் ஏறியிருக்கும் மிளகுக் கொடி வரைக்கும் வரைந்தேன். வார்மருக்கு வலப்பக்கம் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் ஆணி, ஆணியில் புத்தம் புது ஆம்பு பேக். டாக்டரம்மா என் தாளை எடுத்து எல்லாருக்கும் உயர்த்திக் காட்டி, "இப்படி இருக்கணும்" என்றார். மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்தப் படத்தில் இருந்ததெல்லாம் நிஜம், ஆம்பு பேக் ஒன்றைத் தவிர. ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது பழைய பேக். ரப்பர் ஒட்டிப்போய், மாஸ்க்கின் ஓரம் வெடித்திருந்தது. புதியது ஆஸ்பத்திரி இரும்பு பீரோவுக்குள் உறை பிரிக்காமல் இருந்தது. பீரோவின் சாவி என் கைப்பையில் இருந்தது. கைப்பை அப்போது என் மடியில் இருந்தது.

ஏன் என்று சொல்கிறேன். சொன்னால் நியாயம் போலவே தோன்றும், அதுதான் இதில் உள்ள கேடு. ஏற்காட்டு மலைமேல் சின்ன அரசு ஆஸ்பத்திரி எங்களுடையது. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு புதுச் சாமான் வந்தால் முதலில் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறும், பிறகு பீரோவில் ஏறும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு அதிகாரிகள் வரும் நாளில் கீழே இறங்கி மேசைமேல் உட்காரும். அவர்கள் டீ குடித்துவிட்டு ஜீப் ஏறியதும் திரும்ப உள்ளே போய்விடும். கல்யாணத்துக்கு மட்டும் எடுத்துக் கட்டும் பட்டுப்புடவை மாதிரிதான். காணாமல் போனாலோ கெட்டுப்போனாலோ, யார் பெயரில் ஏறியிருக்கிறதோ அவர் நின்று பதில் சொல்ல வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் பஞ்சு முதல் பீரோ வரை எல்லாம் என் பெயரில்.

எனக்கு இது பாரமாக இருந்ததில்லை, பெருமையாகத்தான் இருந்தது. என் அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். செடி வெட்டும் கவாத்துக் கத்தி ஒன்று கொடுப்பதென்றாலும் கையெழுத்து வாங்காமல் கொடுக்கமாட்டார். மாலையில் திரும்பி வராத கத்திக்காக தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கே நடந்து போய் வாங்கி வருவார். நான் அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்த பெண் என்று எல்லாரும் சொல்வார்கள். திட்டுகிறார்களா புகழ்கிறார்களா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் என்னோடு இன்னொரு நர்ஸ் இருந்தாள். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், ஒப்பந்த வேலையில் வந்தவள், என்னைவிட இருபது வயது இளையவள். என்னை அக்கா என்பாள். எந்நேரமும் சிரிப்பு, எந்நேரமும் கேலி. வேலையில் சூரப்புலி. ஆனால் ரெஜிஸ்டர் என்றால் அவளுக்கு எட்டிக்காய். பயிற்சிக்குச் சில வாரங்கள் முன்னால், செம்மநத்தத்திலிருந்து ஒரு தாய் மாற்றுத் துணிகூட இல்லாமல் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பனி கொட்டுகிற மாதம். இவள் பீரோவைத் திறந்து இரண்டு புதுக் குழந்தைக் கம்பளிகளை எடுத்துப் போர்த்தி அனுப்பிவிட்டாள். கம்பளி திரும்பவில்லை. இன்ஸ்பெக்‌ஷனில் எண்ணிக்கை குறைந்தது. அத்தனை பேர் முன்னால் நான் தலைகுனிந்து நின்றேன். அன்றைக்கு ஆணியில் தொங்கிய பீரோச் சாவியைக் கழற்றி என் பைக்குள் போட்டவள்தான், பிறகு வெளியே மாட்டவில்லை.

நான் சேலத்துக்குக் கிளம்பிய அன்று காலை அவள் வாசல் வரைக்கும் வந்தாள்.

"அக்கா, சாவி?"

"உனக்கு எதுக்கு சாவி? வேணுங்கறதையெல்லாம் வெளிய எடுத்து வெச்சிருக்கறேன்."

"புது ஆம்பு பேக்கு உள்ளதானுங்க்கா இருக்குது?"

"பழசு தொங்குதில்ல. நாலு நாள்ல என்ன வந்தரப் போவுது?"

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "சாமி வரங்குடுத்தாலும் பூசாரி வரங்குடுக்க மாட்டாருன்னு சொன்னவங்க, எங்க அக்காவப் பாத்துட்டுத்தான் சொல்லியிருப்பாங்களாட்டம்!" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன்.

பயிற்சி நல்ல பயிற்சி. அதை நான் குறை சொல்லமாட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவ்வளவு ஆசையாக நான் எதையும் கற்றுக்கொண்டதில்லை. ஒரு ரப்பர் பொம்மைக் குழந்தையை வைத்துக்கொண்டு டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தார். குழந்தை வெளியே வந்ததும் துடையுங்கள். முதுகைத் தேய்த்துவிடுங்கள். அழவில்லையா, பயந்து நிற்காதீர்கள். தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, மாஸ்க்கைக் காற்று கசியாமல் வைத்து, பையை அமுக்குங்கள். நெஞ்சு எழும்புகிறதா என்று பாருங்கள். அமுக்கு, ரெண்டு, மூணு. அமுக்கு, ரெண்டு, மூணு. பிறந்த ஒரு நிமிஷத்துக்குள் முதல் மூச்சு உள்ளே போயிருக்க வேண்டும். பொம்மையிலிருந்து போகும் ஒரு குழாயின் நுனி டாக்டரம்மா கையில் இருக்கும். நாங்கள் சரியாகச் செய்தால்தான் அதை அழுத்திப் பொம்மையை அழ வைப்பார். தப்பாகச் செய்தால், எவ்வளவு நேரமானாலும் பொம்மை சும்மாவே கிடக்கும்.

அந்தச் சும்மா கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பழகுவேன். நாற்பத்தேழு வயதில் ஒரு பொம்மைக்காக வியர்க்க விறுவிறுக்க நிற்கிறேனே என்று எனக்கே வேடிக்கையாக இருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று இந்த மாதிரிப் பயிற்சிகளை முன்பெல்லாம் நானே இளக்காரம் பேசியிருக்கிறேன். இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்று இரண்டு நாளில் கை சொல்லிவிட்டது.

ஒவ்வொரு பிரசவத்துக்கும் முன்னால் ஆம்பு பேக்கை எடுத்து, உள்ளங்கையில் மாஸ்க்கை வைத்து அமுக்கிப் பார்த்து, காற்று ஒழுகவில்லை என்று உறுதி செய்ய வேண்டும் என்பதும் பாடத்தில் இருந்தது. இரண்டாம் நாள் மாலை அதைச் சொன்னபோது என் மனம் ஒரு கணம் மலைமேல் போய்வந்தது. ஊருக்குப் போனதும் புதியதை வெளியே எடுத்து மாட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஊருக்குப் போனதும் என்று நினைத்தேனே ஒழிய, அன்று மாலை ஒரு போன் போட்டு, பீரோவைத் திறக்க வேறு வழி பார் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இன்னும் இரண்டு நாள்தானே என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை செய்முறைத் தேர்வு. போன்களைச் சத்தமில்லாமல் வைத்து ஒரு தட்டில் போட்டுவிட்டு உள்ளே போனோம். என் முறை வந்தபோது பதினோரு மணி இருக்கும். துடைத்தேன், தேய்த்தேன், தலையை நிமிர்த்தினேன், மாஸ்க்கை வைத்தேன். பொம்மையின் நெஞ்சு அழகாக எழும்பியது. நிமிஷம் முடிவதற்கு வெகு முன்பே பொம்மை வீறிட்டு அழுதது. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இவங்க கையைப் பாருங்க, பதட்டமே இல்லை" என்றார். கைதட்டினார்கள். அந்த நாளில் அது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதையும் நான் மறைக்கக் கூடாது.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து போனை எடுத்தேன். வரிசையாக அவளுடைய அழைப்புகள். எல்லாம் பதினோரு மணியை ஒட்டி வந்தவை. அவற்றுக்கு நடுவில் ஒரு செய்தி: அக்கா சாவி எங்க. அதற்குக் கீழே இன்னொன்று: அக்கா போன எடுங்க.

திருப்பிக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸில் வந்த ஓர் ஆண் எடுத்தார். "சிஸ்டர் கொழந்தைக்கு மூச்சுக் குடுத்துட்டு இருக்காங்கம்மா, பேச முடியாதுங்க. கொண்டை ஊசி வளைவெல்லாம் எறங்கிட்டோம், அங்கதான் வந்துட்டிருக்கறோம்" என்றார். சைரன் சத்தத்தோடு போன் அறுந்தது.

அங்கதான் என்றால் நாங்கள் பயிற்சியில் இருந்த அதே இடம். அந்த வளாகத்திலேயேதான் பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் இருந்தது. நான் வாசலில் போய் நின்றேன். ஆம்புலன்ஸ் கதவு திறந்ததும், துணியில் சுற்றிய குழந்தையோடு அவள் இறங்கினாள். வலது கையில் கட்டியிருந்த பஞ்சுத் துணியெல்லாம் ரத்தம். அந்தக் கையாலேயே பையை அமுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்து டாக்டர்கள் வந்து வாங்கிக்கொண்ட பிறகுதான் அவள் கை ஓய்ந்தது. என்னைப் பார்த்தாள்.

"அக்கா, பீரோக் கதவு ஒடஞ்சுபோச்சுங்க்கா" என்றாள்.

ஒரு குழந்தையைச் சாவிலிருந்து இழுத்துக்கொண்டு மலையிறங்கி வந்தவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. நான் அவளுக்கு எப்படிப்பட்ட அக்காவாக இருந்திருக்கிறேன் என்று அந்த இடத்தில் தெரிந்தது. கத்தி அழ வேண்டும் போல இருந்தது. அழவில்லை, அவள் கைக்கு மருந்து போட்டேன்.

படிக்கட்டில் உட்கார்ந்து அவள் சொன்னாள். கொட்டச்சேட்டிலிருந்து வந்த பெண், தலைப்பிரசவம். காலையில் ஜீப்பில் வந்து இறங்கியபோதே வலி கண்டிருந்தது. எங்கள் டாக்டர் மஞ்சக்குட்டைப் பள்ளிக்கூடத்தில் முகாமுக்குப் போயிருந்தார். குழந்தை கொடி சுற்றிப் பிறந்தது, பெண் குழந்தை. அழவில்லை, அசையவில்லை. துடைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பழைய பேக்கை எடுத்திருக்கிறாள். வெடித்த ஓரத்தில் காற்றெல்லாம் வெளியே போய்விட்டது, நெஞ்சு எழும்பவில்லை. வாயோடு வாய் வைத்து ஊதியிருக்கிறாள். பீரோவுக்கு ஓடியிருக்கிறாள், எனக்குப் போன் அடித்திருக்கிறாள், திரும்ப ஓடிவந்து ஊதியிருக்கிறாள். கடைசியில் கூட்டிப் பெருக்கும் அம்மா தோட்டத்திலிருந்து கடப்பாரையைக் கொண்டுவந்து கதவை நெம்ப, இவள் தகரத்துக்குள் கையை விட்டு இழுத்து எடுத்திருக்கிறாள்.

"எவ்ளோ நேரமாச்சு கண்ணு?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க்கா. நொம்ப நேரமாச்சாட்டம் இருந்துச்சு."

புது பேக்கில் மூச்சுக் கொடுத்த கொஞ்ச நேரத்திலேயே குழந்தையின் நிறம் மாறி இதயம் அடித்திருக்கிறது. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மூளைக்குக் காற்றுப் போகாமல் போன நேரம் போனதுதான் என்று எனக்குத் தெரியும். அந்த மூன்று நாளில் அதையும் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

சாயங்காலம் குழந்தையின் அப்பா வந்து சேர்ந்தார். இளவயதுக்காரர், கொஞ்சம் காப்பித் தோட்டமும் சாமை விதைக்கிற காடும் உள்ளவர். மனைவியை எங்கள் டாக்டரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறிய விதத்தை நான் மறப்பதற்கில்லை.

"நர்சம்மா! நீங்க இங்கிருக்கீங்களா? சாமி காட்டுன வழிங்க. இனி எனக்குப் பயமில்லீங்க."

நான் அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

நான்காம் நாள் எங்களுக்கு அந்தப் பிரிவிலேயே பயிற்சி. எனக்குக் கொடுத்தது வேறொரு குழந்தை. குறைமாதத்தில் பிறந்து தேறி வருகிற குழந்தை, அதற்கு எப்படிப் பால் புகட்டுவது என்று கற்றுக்கொள்ள வேண்டும். நான் பால் புகட்டினேன். நான்கு கட்டில் தள்ளி கொட்டச்சேட்டுக் குழந்தை கிடந்தது. அதற்கு வலிப்பு வந்துகொண்டே இருந்தது. கால்களைச் சைக்கிள் மிதிப்பது போல அசைக்கும், பிறகு நிறுத்திவிடும். பார்ப்பவர்களுக்குக் குழந்தை விளையாடுகிறது என்று தோன்றும், அது வலிப்பு. அதுவும் எங்கள் பாடத்தில் இருந்தது. டாக்டரம்மா என்னை அழைத்துப் போய் அந்தக் குழந்தையைக் காட்டி, மற்ற நர்ஸ்களுக்கும் சேர்த்து விளக்கினார். அது எந்த ஊர்க் குழந்தை, ஏன் இப்படி ஆனது என்று அவருக்குத் தெரியாது. நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

உச்சிப்பொழுதுக்கு முன்னால் குழந்தை இறந்துவிட்டது.

அப்பாவிடம் சொல்லும்போது நானும் கூட நின்றேன். அவர் கத்தவில்லை. துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க மட்டும் நேத்து மேல இருந்திருந்தீங்கன்னா எம்புள்ள பொழச்சிருக்குமுங்க. எங்க நேரங்க நர்சம்மா."

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இன்றைக்கும் என் கழுத்தில் உணர்கிறேன். குழந்தையோடு அவர் வண்டியேறிப் போன பிறகு எங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். என் பெயரை முதலில் கூப்பிட்டார்கள்.

பச்சைக் குழந்தை இறந்தால் ஏன் இறந்தது என்று விசாரிப்பார்கள். எங்கள் ஆஸ்பத்திரிக்கும் வந்தார்கள். டாக்டரின் அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, நானும் அவளும் நின்றுகொண்டிருந்தோம். வந்தவர் ரெஜிஸ்டரைப் புரட்டி, புது ஆம்பு பேக் இருப்பில் இருக்கிறதே, பிறகு ஏன் தாமதம் என்று அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. வகுப்பில் வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு விடை தெரியும் என்றால் எப்படிப் பார்ப்போம், அப்படிப் பார்த்தாள். நான் ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாவி கெடைக்கலீங்க சார்" என்றாள்.

"பிரசவத்துக்கு முன்னாடி எல்லாத்தையும் சரிபார்த்து வெச்சிருக்க வேண்டாமா? பார்த்திருந்தா சாவி இல்லைன்னு அப்பவே தெரிஞ்சிருக்குமே?"

அவள் பேசவில்லை. அந்த மௌனத்தில் ஒரு வாக்கியம் பேச எனக்கு நிறைய இடம் இருந்தது. சாவி என்னிடம் இருந்தது சார். நான்கு சொல். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு கறை இல்லாமல் வேலை பார்த்தவள் நான், அந்த நான்கு சொல்லை என் தொண்டை வெளியே விடவில்லை. எழுத்தில் வாக்குமூலம் கேட்டார்கள். சம்பவம் நடந்த அன்று நான் பயிற்சியில் இருந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் அப்பா எழுதிய எந்தப் பேரேட்டையும் விடச் சுத்தமான எழுத்து.

அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பயிற்சி இல்லாதவர், கவனக்குறைவு என்று குறித்திருந்ததாக எங்கள் டாக்டர் வருத்தத்தோடு சொன்னார். அவளுக்கு ஏன் பயிற்சி இல்லை என்று யாரும் கேட்கவில்லை. இருவரில் ஒருவர்தான் போக முடியும் என்றபோது, நான்தான் சீனியர் என்று என் பெயரைக் கொடுத்திருந்தேன். கிளம்புகிற அன்று அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். என்னிடம் வந்து, "போய்ட்டு வர்றேனுங்க்கா" என்றாள். கையிலிருந்த தழும்பு சிவப்பு மாறாமல் இருந்தது. கேலியும் இல்லை, சிரிப்பும் இல்லை. அவள் என்னைக் கேவலமாக நாலு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே நான் ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அதுவும் ஒரு சாக்குதான். பழியை அவள் மேலேயே போடுகிற சாக்கு.

அடுத்து நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தேர்வில் முதலாவது வந்தவள் என்பதால் என்னைப் பயிற்சி கொடுப்பவளாக்கினார்கள். அக்கம்பக்கத்து ஆஸ்பத்திரிகளிலிருந்து நர்ஸ்கள் வருவார்கள், நான் பொம்மையோடு நிற்பேன். நானும் முதலில் அவர்களை வரையத்தான் சொல்வேன். எல்லாரும் ஆம்பு பேக்கை ஆணியில் தொங்கவிட்டு வரைவார்கள். எந்தப் படம் நிஜம், எந்தப் படம் இன்ஸ்பெக்‌ஷனுக்காக வரைந்தது என்று ஒரு பார்வையில் எனக்குத் தெரிந்துவிடும். "புதுசு எங்க இருக்குதுங்க? சாவி ஆருகிட்ட?" என்று கேட்பேன். எல்லாரும் குனிந்து தங்கள் தாளைப் பார்ப்பார்கள். பூட்டி வைக்காதீர்கள், தொலைந்தால் தொலையட்டும், கெட்டால் கெடட்டும் என்று மேசையைத் தட்டிச் சொல்வேன். மேடம் எவ்வளவு அனுபவம் உள்ளவங்க என்று அவர்கள் சொல்லிக்கொள்வது காதில் விழும். எந்த அனுபவம் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

ஒருத்தரிடம் மட்டும் சொன்னேன். பெரிய வெள்ளிக்கு முன்னால் எங்கள் மாதா கோவிலில், செய்த பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில், பங்குத்தந்தையிடம் சொன்னேன். அவர் சில ஜெபங்களைச் சொல்லச் சொன்னார். முழங்காலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பாரம் ஒன்றும் இறங்கவில்லை. ஆத்தூர் பஸ்ஸைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் நிற்கவில்லை.

இரண்டு வருஷம் ஆவதற்குள் கொட்டச்சேட்டுப் பெண் மறுபடியும் வயிற்றோடு வந்தாள். மாதாமாதம் பரிசோதனைக்கு எங்களிடமே வந்தாள். அதிகம் பேசமாட்டாள். நான் எடை பார்ப்பேன், வயிற்றில் கை வைத்துப் பார்ப்பேன், அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். எங்கள் டாக்டர் இந்த முறை சேலத்துக்கு எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டபோது, வேண்டாமுங்க என்று மட்டும் சொன்னாள். அவள் கணவர் என்னைக் கும்பிட்டு, "இந்தத் தடவ லீவு கீவு போட்டுடாதீங்க நர்சம்மா" என்றார்.

நான் ஒரு நாளும் போடவில்லை. வலி வந்து அவள் வந்த காலையில் ஆம்பு பேக்கை உள்ளங்கையில் வைத்து எத்தனை தடவை அமுக்கிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அது தேவையே படவில்லை. ஆண் குழந்தை. வெளியே வந்ததும் வராததுமாக ஊரைக் கூட்டி அழுதது. அந்தச் சத்தத்தில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானம் வார்டில் அவள் ஒருத்திதான் இருந்தாள். கணவர் சாப்பாடு வாங்கப் போயிருந்தார். ஜன்னலுக்கு வெளியே பனி மூடி மரங்கள் தெரியவில்லை. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கண்ணு, உங்கிட்ட ஒன்னு சொல்லோணும். மொதல் புள்ளைக்கு அப்படி ஆனப்ப, பீரோச் சாவி எங்கிட்டத்தான் இருந்துச்சு. நாந்தான் சேலத்துக்குக் கொண்டுட்டுப் போயிட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தெரியுமுங்க" என்றாள்.

அவளே சொன்னாள். "அந்தக் கட்டில்லதானுங்க படுத்துக் கெடந்தேன். புள்ள அழுவுற சத்தம் வருமா, வருமான்னு காதக் குடுத்துட்டே கெடந்தேன். பீரோவ இடிக்கற சத்தந்தான் வந்துச்சுங்க. அக்கா சாவியக் கொண்டுட்டுப் போயிட்டாங்களேன்னு அந்தக்கா அழுதாங்க."

"உங்கூட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"சொல்லலீங்க. அவரு உங்கள நொம்ப நம்பிட்டிருக்காரு. சொல்லி என்னங்க, போன புள்ள வருமா?"

"அப்பறம் ஏன் கண்ணு இங்கயே வந்தே?"

"வேற எங்கீங்க போறது? கீழ எறங்கறதுக்குள்ள வழியில பொறந்துருமே."

அவள் குழந்தையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு, "அந்தக்கா இப்ப எங்கிருக்காங்க?" என்று கேட்டாள்.

"தெரியல கண்ணு. வேலை போயிருச்சு."

"அவங்களுக்கா? அவங்க வேல எதுக்குங்க போச்சு?" முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "கையெல்லாம் ரத்தமா ஊத்த ஊத்த எம்புள்ளைக்கு மூச்சுக் குடுத்தாங்களே. சாவி உங்ககிட்ட இருந்துச்சுன்னு நீங்க சொல்லலீங்களா?"

"மாதா கோவில்ல சாமியார்கிட்டச் சொன்னேன். இப்ப உங்கிட்டச் சொல்றேன்."

கோபமில்லை அவள் குரலில், என்னைப் புரிந்துகொள்ளப் பார்க்கிற குரல்தான்.

"சாமியாருகிட்டச் சொன்னது சாமியாரோட போச்சுங்க. எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமேங்க. அப்ப நீங்க இன்னும் ஆருகிட்டயுமே சொல்லலீங்க."

நான் எழுந்து வந்துவிட்டேன். இன்றைக்கும் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்க்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை பொம்மையோடு வகுப்பும் எடுக்கிறேன். இப்போது இதை எழுதியாயிற்று. என் பெயரைப் போடவில்லை, ஆத்தூர்ப் பெண்ணின் பெயரைப் போடவில்லை, ஆஸ்பத்திரியின் பெயரையும் போடவில்லை. கொட்டச்சேட்டுக்காரி இதைப் படித்தாலும், நீங்க இன்னும் ஆருகிட்டயுமே சொல்லலீங்க என்றுதான் சொல்வாள்.